ஆர்லிஸ் தளர்த்திய திருகாணிகள்

போயும் போயும் இந்த வண்டியையா வாங்கினாய் என்று ஆர்லிஸ் ஹாகியிடம் கேட்காத ஆள் எங்கள் பாலைவனத்தில் ஒருவர்கூடக் கிடையாது. நானும் கேட்டேன். அக்டோபர் பிறந்தால் வடக்கின் பனிக்குப் பயந்து அரிசோனாவுக்கு ஓடி வருகிற கிழடுகள் நாங்கள். ஆளுக்கொரு மோட்டார்ஹோம், அதாவது சக்கரம் வைத்த வீடு, அதன் வாசலில் ஒரு மடக்கு நாற்காலி, அதில் உட்கார்ந்தபடி அடுத்தவர் வண்டியைக் குறை சொல்ல ஒரு வாய். இவ்வளவுதான் எங்கள் சொத்து. அவள் தன் வண்டியைக் கொண்டுவந்து சரளை மேல் நிறுத்தியதும் பத்துப் பேர் சுற்றி வளைத்துக்கொண்டோம்.

இருபத்தைந்து வருஷத்துப் பழசு. எவனோ ஷெட்டில் போட்டுவிட்டு மறந்து போனது. கூரையின் ஓரத்துப் பசை பாளம் பாளமாக வெடித்திருந்தது. இன்ஜின் ரப்பர் குழாய்களைத் தொட்டால் கையில் கறுப்பு ஒட்டியது. படுக்கைக்கு அடியில் எலி குடும்பம் நடத்திய அடையாளம். எங்களில் வாய் அதிகமான ரஸ்ஸல் என்பவன் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகச் சொன்னான். ஆர்லிஸ் இடுப்பில் கை வைத்துப் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சொல்லிட்டியா? இதுல எவ்ளோ நாளைக்கு வேலை இருக்கும்?"

"நீ சாகற வரைக்கும் இருக்கும்" என்றான் ரஸ்ஸல்.

"அதுக்குத்தான் வாங்கினேன்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விட்டாள்.

திமிர் பிடித்தவள் என்று அன்றைக்கு நினைத்தேன். திமிர் இருக்கத்தான் செய்தது. வடக்கு டக்கோட்டாவில் ஒரு சின்ன ஊரின் பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்கச் சமையல்காரியாக இருந்தவள். எந்தப் பிள்ளை வீட்டில் பட்டினி என்பது அவளுக்குத் தெரியும். கேட்காமலே அதன் தட்டில் இன்னொரு கரண்டி விழும். மேலதிகாரி வந்து, உருளைக்கிழங்கு மசிப்பதற்குப் பதில் பாக்கெட் மாவைக் கரைத்து ஊற்று என்று சொன்னபோது, அதைக் கரைத்து அவருக்கே ஒரு கிண்ணம் கொடுத்து முழுவதும் சாப்பிடும்வரை எதிரில் நின்றாளாம். அறுவடைக் காலத்தில் சமையலறையைப் பூட்டிவிட்டுக் கோதுமை லாரி ஓட்டப் போய்விடுவாள். அங்கேதான் டெல்மரைப் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் அறுவடை இயந்திர மெக்கானிக். இயந்திரம் வயல் நடுவில் நின்றுபோனால் விவசாயிக்கு அந்த வருஷச் சோறு போயிற்று; அதனால் நிற்பதற்கு முன்னாலேயே எது நிற்கும் என்று பார்த்து மாற்றுகிறவன். உடைந்த பிறகு அவனைக் கூப்பிட்டால் கோபம் வந்துவிடும்.

அந்த டெல்மருக்குத்தான் மறதி நோய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆரம்பம்தான், ஆனால் போன ஞாபகம் திரும்பி வராது. அவர்கள் மகள் டானா ஃபார்கோ நகரத்தில் பல் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். அப்பாவுக்கு அங்கேயே முதியோர் இல்லத்தில் ஓர் அறை பார்த்து வைத்துவிட்டாள். அம்மாவும் மகளும் தொண்டை கட்டும்வரை சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். வீட்டை விற்றாகிவிட்டது, பனி வாரிப்போட அங்கே ஆளில்லை. இந்தக் குளிர்காலம் மட்டும் ஆர்லிஸ் அவனைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். பிப்ரவரியில் டானா வந்து பார்ப்பாள். அப்பா தேறி இருந்தால் சரி. இல்லாவிட்டால் அவன் அந்த அறைக்குப் போக வேண்டியதுதான்.

இதையெல்லாம் ஆர்லிஸ் எனக்குச் சொன்னது வந்த வாரத்திலேயே, பாத்திரம் கழுவிக்கொண்டே. அவள் அழவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் மூக்கைச் சிந்த வேண்டியிருந்தது.

"வேலை இருந்தா அவன் அவனா இருக்கான், பெர்னிஸ். சும்மா உக்காந்தா தேஞ்சு போறான். ஃபார்கோல ஒரு ஜன்னலும் ஒரு டிவியும் குடுத்து உக்கார வெப்பாங்க. என் புருஷனை நான் அப்படி விட மாட்டேன்."

அவள் கணக்கு தப்பவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் டெல்மரைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். காலைச் சிற்றுண்டிக்கு என்ன தின்றாய் என்றால் விழிப்பான். ஆனால் ஒரு ரப்பர் குழாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, இது அடுத்த கோடை தாண்டாது என்பான். பெல்ட் எல்லாம் மாற்றினான். எண்ணெய் வகை எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினான். டயர்களின் பூப்போட்ட பள்ளம் புதுசு மாதிரியே இருந்தது; ரஸ்ஸல் கூட அதைப் பாராட்டினான். டெல்மர் மண்டியிட்டு, டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த எண்களைத் துணியால் துடைத்துப் படித்துவிட்டு எழுந்தான்.

"பள்ளத்தைப் பாக்காதடா, பிறந்த தேதியைப் பாரு. ஓடாம நின்னே கிழடாயிடுச்சு. இதுல ஏறி நெடுஞ்சாலைக்குப் போனா வெடிக்கும்."

ஆறு டயரும் குப்பைக்குப் போயின. ரஸ்ஸல் அன்று மாலையே தன் டயரைத் துடைத்துப் படித்துவிட்டு முகம் தொங்கிப் போனான். அப்புறம் டெல்மர் கூரைக்குப் பசை வைத்தான். உள்ளே கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி காலாவதியாகிக் கிடந்தது. அதைப் பிடுங்கிவிட்டுப் புதுசு மாட்டினான். கேஸ் குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவி, குமிழி வருகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். இதை மட்டும் வாராவாரம் செய்தான்.

நவம்பர் கடைசியில் ஊரே கூடும் வான்கோழி விருந்து வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. சாகும்வரை இருக்கும் என்று ரஸ்ஸல் சொன்னதை டெல்மர் இரண்டு மாதத்தில் தீர்த்துவிட்டான். அதற்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான். வீட்டுக்கு எப்போது போகிறோம் என்று கேட்டான். விற்றாகிவிட்டது என்று சொன்னால் தலையாட்டிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டான். ஒரு நாள் மதியம் தன் பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று சரளைப் பாதையில் கிளம்பிவிட்டான். ஆர்லிஸ் பின்னாலேயே ஓடி, கையைப் பிடித்து, இன்றைக்கு லீவு என்று பொய் சொல்லி அழைத்து வந்தாள். அவள் முகத்தை அன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

பிறகு திடீரென்று எல்லாம் சரியாகிவிட்டது. டெல்மர் மறுபடியும் வண்டிக்கு அடியில். மறுபடியும் கையில் கிரீஸ். தண்ணீர்க் குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்ததாம், இறுக்கினானாம். மறுநாள் படிக்கட்டு விளக்கின் ஃபியூஸ். அதற்கடுத்த நாள் பம்பு லேசாகச் சொட்டியதாம். பழைய வண்டி, அப்படித்தான் என்று நாங்கள் நினைத்தோம்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு காலை நான் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவர்கள் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு ஊதா நிறச் செருப்புக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. டெல்மர் உள்ளே சவரம் செய்துகொண்டு பாடுவது கேட்டது. நான் குனிந்து பார்த்தேன்.

"ஆர்லிஸ், அங்க என்ன பண்ற?"

"மெல்லப் பேசு. அவன் காதுல விழப்போகுது." ஊர்ந்து வெளியே வந்தாள். கையில் சமையலறை டிராயரில் இருக்கும் பிளையர். "தளர்த்தறேன்."

"எதை?"

"தினமும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. அவன் சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சிடுவான். கண்டுபிடிக்கலைன்னா நானே இறுக்கிடுவேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? ஊர்ல எல்லாரும் ரிப்பேர் வரக் கூடாதுன்னு தவம் கிடக்கறோம். நீ உண்டு பண்றியா?"

"பிரேக்கைத் தொட மாட்டேன். ஸ்டியரிங் தொட மாட்டேன். கேஸ் பக்கமே போக மாட்டேன். சொட்டற எடம், ஆடற எடம், அவ்ளோதான்." செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினாள். "நேத்து அரை நாள் தேடினான் பெர்னிஸ். கண்டுபிடிச்சிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சான் பாரு, கல்யாணத்தன்னைக்கு சிரிச்ச மாதிரி. அதை எந்த டாக்டர் எழுதிக் குடுப்பான்?"

தண்ணீர் கேனைத் தூக்கினேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்து கொடுத்தேன்.

நாலு மணிக்கு நாங்கள் எல்லாரும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவது வழக்கம். ஆளுக்கொரு தம்ளர், நடுவில் யாராவது கொண்டுவரும் தின்பண்டம். ஆர்லிஸ் வினிகரில் ஊறவைத்த மீனைக் கொண்டுவந்து எல்லாரையும் வதைப்பாள். தினமும் வட்டத்தில் வைத்து அவனைக் கேட்பாள்: "இன்னைக்கு என்ன கண்டுபிடிச்ச, டெல்மர்?" அவன் சொல்வான். கதவுக் கீல் என்பான், கண்ணாடியின் திருகு என்பான். எல்லாரும் கை தட்டுவோம். ரஸ்ஸல், "உன் வண்டியில தினம் ஒண்ணு கழண்டுக்கறது உன் பொண்டாட்டி சாபத்துலதான்" என்பான். எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்பதால் எனக்கு அதில் ஒரு பெருமை வேறு. கேட்டுவிட்டு அவள் அவன் முகத்தையே உற்றுப் பார்ப்பதை, ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் டானா வந்தாள். நல்ல பெண். கல்மனசுக்காரியாக இருந்திருந்தால் எங்களுக்குத் திட்டவாவது சௌகரியமாக இருந்திருக்கும். என் வண்டி சோபாவில்தான் படுத்தாள். முதல் இரண்டு நாள் அப்பா பின்னாலேயே நடந்து, அவன் செய்வதையெல்லாம் பார்த்தாள். அவன் ஜெனரேட்டரைத் திறந்து அவளுக்கு விளக்கினான். இரண்டு தடவை அவளைத் தன் தங்கை பெயரால் கூப்பிட்டான், ஆனால் ஒரு தடவைகூட ஸ்பேனர் அளவைத் தப்பாக எடுக்கவில்லை.

"அப்பா நான் பயந்த மாதிரி இல்ல, பெர்னிஸ்" என்றாள் என்னிடம். "அம்மா என்ன மாயம் பண்ணாங்கன்னு தெரியல. அந்த ரூமை வேற யாருக்காவது குடுத்திடச் சொல்லலாம்னு இருக்கேன்."

நான் மனசுக்குள் ஆடினேன். ஆர்லிஸிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவள் அடுப்பில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிய தட்டை வைத்துக்கொண்டிருந்தாள். என் தோளில் முகத்தை ஒரு கணம் வைத்துவிட்டு எடுத்தாள்.

மறுநாள் காலை டானா காரை எடுத்துக்கொண்டு சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். டெல்மர் என் கதவைத் தட்டினான். வா என்று கையசைத்தான். என்னைத் தன் வண்டியின் பின்பக்கம் கூட்டிப் போனான்.

எங்களுக்குப் பாலைவனத்தில் மின் இணைப்பு கிடையாது. ஃபிரிட்ஜ் கேஸில்தான் ஓடும். வண்டியின் வெளிப்புறத்தில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் ஃபிரிட்ஜின் முதுகு. அங்கே ஒரு சின்ன நீலச் சுடர் நாள் முழுக்க எரிந்துகொண்டிருக்கும். அதற்கு ஒரு சாண் தள்ளி கேஸ் குழாயின் பித்தளை நட்டு. டெல்மர் சுடரை அணைத்து, கேஸையும் மூடியிருந்தான்.

"இப்ப பாரு" என்று போய் கேஸை மட்டும் லேசாகத் திறந்துவிட்டு வந்து, நட்டில் சோப்புத் தண்ணீரைத் தடவினான். குமிழிகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொங்கின. மூடிவிட்டான்.

நான் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தேன். "எப்போலேர்ந்து?"

"முந்தாநேத்து பாத்தப்ப நல்லா இருந்துச்சு. இது வெளிப்பக்கம், உள்ள இருக்கற கருவி கத்தாது. காத்து அடிச்சதால தப்பிச்சோம்." நட்டைத் தொட்டுக் காட்டினான். அதன் மூலைகளில் புதுக் கீறல்கள். "நான் இதுக்குன்னு அளவான ஸ்பேனர் போடுவேன். இது பல்லு வெச்ச பிளையர். ஆர்லிஸோட பிளையர்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அவகிட்ட சொல்லிடாத. டானாகிட்ட சொல்லவே சொல்லாத. கிறிஸ்துமஸ்லேர்ந்து இப்படித்தான் பண்றா. தினம் எதையாவது கழட்டிட்டு மறந்துடறா. நானும் தினமும் பின்னாடியே போய் இறுக்கிட்டு வரேன். சாயங்காலம் என்ன கண்டுபிடிச்சேன்னு ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறா, பாவம். டானாவுக்குத் தெரிஞ்சா அவளைக் கொண்டுபோய் எங்கயாவது போட்டுடுவா. நான் பாத்துக்கறேன். எனக்கு ஞாபகம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்."

அவள் அவனுக்காகத்தான் வேண்டுமென்றே தளர்த்துகிறாள் என்பதை நான் அவனிடம் உடைக்கவில்லை. அவனை அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள், அவளை அவன் காப்பாற்றிக்கொண்டிருந்தான், இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர். நடுவில் அந்தச் சுடர். அவன் நட்டை இறுக்கி மறுபடி சோப்பு தடவிப் பார்க்கும்வரை நின்றேன். பிறகு நேராக அவளிடம் போனேன். அவன் என்னிடம் கெஞ்சியதை மீறித்தான் போனேன். இன்னொரு தடவை காற்று அடிக்காமல் போனால் என்ன ஆகும்?

அவள் படுக்கையைச் சரி செய்துகொண்டிருந்தாள். நான் சொன்னதும் முதலில் பொரிந்து தள்ளினாள்.

"கேஸைத் தொட மாட்டேன்னு உன்கிட்ட சொன்னேனா இல்லையா? நேத்து அந்தச் சின்னக் கதவோட திருகைத்தான் தளர்த்தினேன். கதவு ஆடும், அவன் பாப்பான்னு. நட்டுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல. அவனே கழட்டி அவனே மறந்திருப்பான். அவனுக்குத்தானே நோய், எனக்கா?"

"பிளையர் கீறல் இருக்கு, ஆர்லிஸ்."

"யார் வேணும்னாலும் பிளையர் எடுக்கலாம்."

தலையணையை எடுத்தவள் அதைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டாள். தன் வலது கை விரல் முட்டியைப் பார்த்தாள். தோல் உரிந்து காய்ந்திருந்தது. அந்தச் சின்னக் கதவுக்குள் தகட்டு விளிம்பு கத்தி மாதிரி இருக்கும்; அங்கே கையை விட்டவர்கள் எல்லாருக்கும் அந்த இடத்தில்தான் உரியும்.

"நேத்துலேர்ந்து இது எப்படி ஆச்சுன்னு யோசிச்சிட்டிருக்கேன்" என்றாள்.

உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையணையைப் பார்த்துப் பேசினாள்.

"கொஞ்ச நாளா எதைத் தளர்த்தினேன்னு எனக்கே ஞாபகம் இருக்கறதில்ல. அதான் எல்லாரும் இருக்கும்போது அவனைக் கேப்பேன். அவன் சொன்னப்புறம்தான் ஓ, இதைத்தான் பண்ணேன்னு தெரியும். சில நாள் அவன் சொன்னப்புறமும் தெரியாது. களைப்புன்னு நினைச்சேன்."

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். களைப்பாகத்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். பொய் வரவில்லை.

டானா திரும்பி வந்து பைகளை மேஜையில் இறக்கினாள். டெல்மரும் பின்னாலேயே உள்ளே வந்து கை கழுவினான். ஆர்லிஸ் எழுந்து நின்றாள், பள்ளிக்கூடத்துச் சமையலறையில் நின்றிருப்பாளே, அப்படி நிமிர்ந்து.

"டானா, அந்த ஃபார்கோ ரூம்ல எத்தனை கட்டில்?"

"ஒண்ணுதாம்மா. ஆனா அது வேணாம்னு சொல்லிடலாம்னு—"

"ரெண்டு போடுவாங்களான்னு கேளு."

டானாவுக்குப் புரியவில்லை. சிரித்தாள். "நீ அங்க போய் என்னம்மா பண்ணப்போற? உனக்கென்ன குறை? அப்பாவே நல்லாதான் இருக்கார்."

"கேஸ் நட்டைத் தளர்த்திட்டேன். ஃபிரிட்ஜ் பின்னாடி. சுடர் பக்கத்துல. எப்போ பண்ணேன்னே தெரியல."

"அவ பண்ணல." டெல்மர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். அவன் பார்வை என் மேல் இருந்தது. நீதானே காட்டிக்கொடுத்தாய் என்று அது கேட்டது. "நான்தான் கழட்டினேன். சோதிச்சுப் பாக்கக் கழட்டிட்டு இறுக்க மறந்துட்டேன். எனக்குத்தானே மறதி. அந்த ஒரு கட்டில் எனக்குப் போதும். அவளை வண்டியோட விட்டுடு, டானா. வண்டி நல்லா இருக்கு. எல்லாம் மாத்தியாச்சு."

"பொய் சொல்றான்" என்றாள் ஆர்லிஸ்.

"இல்ல."

"டெல்மர், பேசாம இரு."

டானா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கையில் ஒரு பால் கேன் இருந்தது, வைக்க மறந்துவிட்டாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"பெர்னிஸ், நீங்க சொல்லுங்க. யார்?"

டெல்மர் லேசாகத் தலையை அசைத்தான், வேண்டாம் என்று.

"அம்மா சொல்றதுதான் உண்மை" என்றேன்.

ஃபார்கோவில் இரண்டு கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். வண்டியை ரஸ்ஸல் வாங்கிக்கொண்டான். கிளம்புவதற்கு முன் அவர்கள் ஒரு வாரம் அங்கேயே இருந்தார்கள். அந்த வாரம் முழுக்க டெல்மர் நாற்காலி வட்டத்துக்கு வந்து எல்லாரோடும் பேசினான். ரஸ்ஸலின் பெயர் மறந்துபோய் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் காபி நீட்டினால் கோப்பையைப் பார்ப்பான், என்னைப் பார்க்க மாட்டான். காலையில் என்ன தின்றோம் என்பது அவனுக்கு நினைவில்லை. நான் சொன்னது நினைவிருந்தது.